மூக்கம்மாள் கோத்த சைக்கிள்

“இத வாங்கி என்ன பண்ணப் போற தாயி, கோழி அடைக்கவா?” என்று கேட்டார் சுவக்கீன் அண்ணன்.

“எம் மகளுக்கு,” என்றார் மூக்கம்மாள் அக்கா.

அவர்கள் பேசிக்கொண்டது பிள்ளைப்புரை வராந்தாவில். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறையை எங்கள் எஸ்டேட்டில் அப்படித்தான் சொல்வோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை எனக்கு. மதிய இடைவேளையில் தன் கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுக்க அக்கா வந்திருந்தார். சுவக்கீன் அண்ணன் வண்டிப்பெரியாற்றிலிருந்து மீன் கொண்டுவந்து, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்பவர். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இனி இந்தச் சைக்கிளைத் தொடுவதில்லை, அடுத்த வாரத்திலிருந்து தலைச்சுமைதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மகளுக்கா? அது பச்சப் புள்ள. ஆம்பள நானே இதோட மல்லுக்கட்டி ஓஞ்சு போனேன். கீழ எறங்கும்போது நான் அது மேல வருவேன். மேட்டுல ஏறும்போது அது என் மேல வரும். இந்த மலையில சைக்கிள் ஏறாது தாயி.”

“ஏறாததுக்கு என்னமோ காரணம் இருக்கும்ல.”

“காரணம் மலைதான். வேற என்ன?”

அந்த நேரம் பார்த்துக் கங்காணி சின்னையன் வந்து சேர்ந்தார். கங்காணி என்ற உத்தியோகம் சட்டப்படி இல்லாமல் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அவர் சூப்பர்வைசர். ஆனாலும் எங்கள் வாயில் கங்காணிதான்.

“என்ன மூக்கம்மா, மீன் வெல கேக்குறியா, மீன்காரன் வெல கேக்குறியா?”

“சைக்கிள் வெல கேக்குறேன் கங்காணியய்யா. வேலுத்தாயி ஸ்கூலுக்குப் போக.”

“பாலம் போனதோட மத்த புள்ளைக எல்லாம் நின்னுருச்சு. ஒன் மகளும் நிக்கட்டும். வீட்டு வேலை பழகட்டும். வயசு வந்ததும் கொழுந்து பறிக்கச் செக்ரோல்ல பேர ஏத்திவிடுறேன். நான் இருக்கேன்ல?”

“நீங்க இருக்கீக. அதுனாலதான் சைக்கிள் வாங்குறேன்.”

சுவக்கீன் அண்ணன் சிரிப்பை அடக்க மீன் கூடையின் பக்கம் குனிந்துகொண்டார். கங்காணி என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அவர் போனதும் அக்கா விலைக்கு வந்தார்.

“ஒரு ஆட்டுக்குட்டி தாறேன்.”

“ஒரு குட்டிக்கு ஒரு சைக்கிளா?”

“இது சைக்கிளே இல்லைன்னு இப்பத்தான நீங்களே சொன்னீக.”

சுவக்கீன் அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை அக்கா பக்கம் தள்ளினார். பிறகு, “சரி, பெல்லு மட்டும் நல்ல பெல்லு. அதை அடிச்சுத்தான் இம்புட்டு நாளும் மீன் வித்தேன். அதையும் வச்சுக்க,” என்று சொல்லி ஒரு தடவை அடித்துக் காட்டினார். பக்கத்து லயத்திலிருந்து ஒரு கிழவி சட்டியோடு வெளியே வந்தாள்.

அது 1974 மழைக்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு ஜூன் வெள்ளம் ஆற்று மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான், அதுவும் தமிழில். அதற்கு மேல் படிக்க டவுன் ஹைஸ்கூலுக்குப் போய் மலையாளத்தில் படிக்க வேண்டும். நானும் அப்படிப் படித்தவள்தான். பாலம் இருந்தவரை குறுக்கு வழியில் இறங்கி ஆற்றைத் தாண்டினால் பள்ளி. பாலம் போன பிறகு எஸ்டேட் ரோட்டில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பஸ் வருவதற்குள் இரண்டாவது பீரியட் முடிந்துவிடும். விடியும்போதே நடக்க ஆரம்பித்த பிள்ளைகளும் பிரேயர் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தார்கள். பிந்தி வந்தவர்களை வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்று நின்று சலித்தவர்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் டிவிஷனில் மிஞ்சியது வேலுத்தாய் மட்டும். ஆறாம் வகுப்பு. அவளும் வாரத்தில் பாதி நாள் வாசலில்தான் நின்றாள்.

அக்கா எதற்குச் சைக்கிளைத் தேடிப் போனார் என்பது லயத்தில் பலருக்குப் புரியவில்லை. புருஷன் வீரபாண்டி அண்ணனுக்கே, “பொண்டாட்டி புத்தி பேதலிச்சுப் போச்சு” என்ற எண்ணம். அவருக்குச் செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலை. வேடிக்கையாகப் பேசுவார், ஆனால் மேலே இருப்பவர் யாராவது இருமினாலே துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிடும்.

அக்கா பிறந்தது கம்பத்தில். அவர் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்பக்கம் அப்பா வாடகைக்கு விடுவார், பின்கட்டில் மகள் பஞ்சர் ஒட்டுவாள், சக்கரம் கோப்பாள், கோட்டம் எடுப்பாள். பொம்பளைப் பிள்ளை கை வைத்தது என்று தெரிந்தால் யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் அக்கா பின்கட்டை விட்டு வெளியே வந்ததில்லை. அப்பா அவரை ஏறி ஓட்டவும் விட்டதில்லை. “ஊர்ல பாதிப்பேரு நான் கோத்த சக்கரத்துலதான் சுத்துனாய்ங்க. நான் மட்டும் சுத்தல,” என்று ஒருமுறை சொன்னார். கல்யாணமாகி மலைக்கு வந்தபோது கொண்டுவந்த சீரில் ஒரு போக்ஸ் சாவியும் இருந்தது. சக்கரக் கம்பிகளை முடுக்குகிற சின்னச் சாவி. அதைத் தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு சேர்த்துக் கோத்திருந்தார். அது ஏதோ மந்திரிச்ச தகடு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பிரித்தபோதுதான் அதன் கதி தெரிந்தது. மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி இரும்பைத் தின்றிருந்தது. மட்கார்டு அப்பளம் போல உடைந்தது. பின் ரிம்மை விரலால் தட்டினால் துரு பொடியாகக் கொட்டியது. கம்பிகளில் பாதி அறுந்திருந்தன. மிச்சமிருந்தது பிரேம், கிராங்க், பெல்.

“பிரேம் நல்லாருக்கு. அது போதும்,” என்றார் அக்கா.

கம்பத்துக் கடையை அப்போது அவர் தம்பி சுருளிவேல் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா குமுளி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். பழைய ரிம் இரண்டு, கம்பி, டியூப், இவற்றோடு லோடு சைக்கிளுக்குப் போடுகிற பெரிய பல்சக்கரம் ஒன்று. சாமான்கள் பஸ் கூரையில் வந்தன. கூடவே கேள்வியும் வந்தது.

“மாமாவுக்கு மூட்டை சுமக்கிற வேலையான்னு ஒங்க தம்பி கேக்கச் சொன்னாரு,” என்றார் கண்டக்டர்.

“மகளைச் சுமக்கன்னு சொல்லுங்க.”

பின்னால் பல் கூடினால் மிதிக்க லேசாக இருக்கும், வேகம் குறையும். இதை அக்கா என்னிடம் சொன்னது மூன்றே வார்த்தையில்: “பையப் போவும். ஏறும்.” சங்கிலி அந்தச் சக்கரத்துக்கு எட்டவில்லை. வேறொரு சங்கிலியிலிருந்து கண்ணிகளை எடுத்துச் சேர்த்தார். பிரேக் கட்டைகளைத் தேய்ந்துபோன ஜீப் டயரிலிருந்து அறுத்தெடுத்தார். இறக்கத்துக்குக் கடையில் விற்கிற கட்டை போதாது என்றார்.

பெரிய சிக்கல் நடுக்கம்பி. பெரியவர்கள் சைக்கிளில் சின்னப் பிள்ளைகள் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிப்பார்கள். சமவெளியில் அது சரி. மேட்டில் அப்படி ஏற முடியாது. ஆகவே கம்பியை அறுத்துத் தாழ்த்திச் சாய்வாகப் பற்றவைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டி அண்ணன் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப் வொர்க்ஷாப்புக்கு நடந்தார். வழியெல்லாம் அவரிடம் மீன் விலை கேட்டார்களாம். வெல்டிங் தீ பட்டதும் கருவாடு சுட்ட வாடை கிளம்பியதாம். “வொர்க்ஷாப்ல இருந்த பூனை என் பின்னாடியே வந்துருச்சு,” என்று வந்து சொன்னார். அவருக்கும் உள்ளூர ஆசை வந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள், வேலுத்தாய்க்குக் கால் எட்ட. சீட்டுக்கு அக்கா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தன் பழைய படுதாத் துணியைச் சுற்றித் தைத்தார். சக்கரம் கோப்பதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. மாலை வேலை விட்டு வந்து, அடுப்பில் சோறு கொதிக்க, வாசலில் உட்கார்ந்து கம்பி கம்பியாகக் கோத்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மின் ஓரத்தில் ஆணியைப் பிடித்துக் காதைச் சாய்ப்பார். ஆணி உரசுகிற இடத்தில் கோட்டம். தாலியைக் கழுத்திலிருந்து முன்னால் இழுத்து, அதில் தொங்கும் சாவியால் கம்பியை முடுக்குவார். பார்க்கிறவர்களுக்கு அவர் சக்கரத்துக்குத் தாலி கட்டுவது போல இருக்கும். அப்படிச் சொல்லிக் கேலி செய்தவர்களும் உண்டு. “கட்டுனவரவிட இது ஒழுங்காச் சுத்தும்,” என்றார் அக்கா. வீரபாண்டி அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

வேலுத்தாய் பெரட்டுக்களத்தில் ஓட்டப் பழகினாள். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அந்த மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அக்கா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். “நேரா பாருடி! சக்கரத்தப் பாக்காத, அது எங்கயும் போயிராது!” விழுந்தாள், எழுந்தாள், முழங்காலில் மஞ்சள் பூசிக்கொண்டாள். பிறகு ஒரு நாள், கொழுந்து லாரி போகிற மேட்டுச் சாலையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆமை மாதிரி போனது. ஆனால் நிற்காமல் உச்சி வரை ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தவள் பெல்லை அடித்தாள். கீழே நான்கு லயங்களிலிருந்து சட்டியோடு வந்து ஏமாந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்குச் சைக்கிளில் போனாள். பிந்திப் போனாள்.

அடுத்த நாளும் பிந்தினாள். “பங்களாவுக்கு அங்கிட்டு ஏற மாட்டேங்குதும்மா. தள்ளிக்கிட்டேதான் போனேன்,” என்றாள். நடந்து போனால்கூட இதைவிடச் சீக்கிரம் போயிருப்பாள், ஏனென்றால் தள்ளுவதற்குச் சைக்கிள் இருந்திருக்காது. அக்கா நம்பவில்லை. கொழுந்துச் சாலையில் ஏறிய சைக்கிள், அதைவிட நீளம் குறைந்த மேட்டில் ஏன் ஏறாது? அன்று மாலை பின்சக்கரத்தைக் கழற்றினார். பால்ஸ் குண்டுகளை எல்லாம் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மறுபடி போட்டார். மறுநாளும் ஏறவில்லை. சங்கிலியைக் கழற்றினார். கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் கிராங்க். சோறு இரண்டு தரம் தீய்ந்தது.

சுவக்கீன் அண்ணன் தலைச்சுமையோடு அந்த வழியாக வந்தவர், “நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஆட்டுக்குட்டி நல்லா வளந்துருக்கு, பாக்க வாரியா?” என்றார்.

“கோளாறு என்னன்னு பாத்துட்டு வாறேன். அப்புறம் ஒங்க ஆட்டையும் பாக்குறேன்.”

கங்காணி வேலுத்தாயின் வயதை இரண்டு பேரிடம் விசாரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைச் சைக்கிளில் ஏற்றி, பள்ளிக்குப் போகிற வழியில் பின்னாலேயே வந்தார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு டவுனில் வேலை இருந்தது, கூடவே போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எஸ்டேட் ரோடு லயத்திலிருந்து நீண்ட இறக்கமாக இறங்கி, பள்ளத்தில் துரையின், அதாவது எஸ்டேட் மேனேஜரின், பங்களா கேட்டுக்கு முன்னால் வளைந்து, உடனே செங்குத்தாக மேலேறி மெயின் ரோட்டில் சேரும். வேலுத்தாய் இறக்கத்தில் காற்றாகப் போனாள். நாங்கள் வேகமாக நடந்து வளைவுக்கு வந்தபோது, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பிரேக்கை அழுத்தி இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தோம். கேட்டைத் தாண்டியதும் ஏறி உட்கார்ந்தாள். மேடு எதிரே சுவர் போல நின்றது. நின்ற இடத்திலிருந்து அந்த மேட்டில் மிதிக்கப் பதினோரு வயதுப் பிள்ளைக்குப் பலம் ஏது? இரண்டு மிதி மிதித்தாள். சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினாள்.

அக்கா ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“ஏண்டி எறங்குன?”

“பங்களாம்மா.”

“பங்களான்னா?”

வேலுத்தாய்க்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். துரை பங்களா வாசலில் எவரும் குடை பிடித்துப் போவதில்லை. செருப்பு போட்டவர்கள் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். சைக்கிளில் வருபவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். தபால்காரர், வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் கண்டக்டர், எல்லாரும் அப்படித்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வழக்கம். அவர்கள் போய், நம் ஊர்க்காரர்கள் துரையாக வந்த பிறகும் அப்படியே இருந்தது. யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பழகுவார்கள்.

அக்கா எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் இந்த வழக்கம் அவரைத் தொட்டதில்லை. அவரிடம் மடக்கக் குடையும் இல்லை, கழற்றச் செருப்பும் இல்லை. நனைந்துகொண்டே வெறுங்காலோடு கடந்து போயிருக்கிறார். அதனால் வழியில் இப்படி ஒன்று இருப்பது சைக்கிள் கோக்கும்போது அவர் நினைவுக்கு வரவே இல்லை. எங்களுக்கோ, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. சுவக்கீன் அண்ணனும் இவ்வளவு காலம் அங்கே இறங்கித்தான் போனார். இறங்கியதால் ஏறவில்லை. மலை மேல் பழி போட்டுவிட்டார்.

“சுவக்கீன் அண்ணனும் இங்க எறங்குவாருக்கா,” என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். தூறலில் நான் குடையை மடக்கி வைத்திருந்தேன். எப்போது மடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

“என்ன, ரெண்டு பேரும் சாமியா கும்புடுறீக?” என்று கேட்டார். பிறகு குனிந்து சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். “அம்புட்டையும் கழட்டிக் கழட்டி மாட்டுனேனே. சைக்கிள்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு வாசல்ல இருக்கு.”

மகளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இறக்கத்துல வர்ற வேகத்தோட மேட்ட ஏறணும். நடுவுல எறங்காத. நாய் வந்தாலும் எறங்காத. யாராச்சும் வழியில நின்னா பெல் அடி.”

திங்கட்கிழமை காலை வேலுத்தாய் இறங்கவில்லை. அக்கா அப்போது மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார், அவரால் பார்க்க முடியாது. மாலையில் வேலுத்தாய் பிள்ளைப்புரைக்கு ஓடிவந்து சொன்னாள். கேட் வாச்சர் மொக்கையன் முதலில் எழுந்து நின்றாராம். பிறகு விசில் ஊதினாராம். பிறகு, “ஏய் மீன் சைக்கிள், எறங்குடி!” என்று கத்தினாராம். நாய் பின்னால் விரட்டிக்கொண்டு பாதி மேடு வரை வந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டதாம். “நாய் நின்னுருச்சுக்கா, நான் நிக்கல,” என்றாள். பிரேயருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வரிசையில் நின்றாள்.

அந்த வாரமே பெரட்டுக்களத்தில் கங்காணி அக்காவை முன்னால் கூப்பிட்டார். பிள்ளைப்புரை அதை ஒட்டித்தான் இருக்கிறது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒம் மக துரை வாசல்ல சைக்கிள விட்டு எறங்கலையாமே?”

“ஆமா, எறங்கல.”

கங்காணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை, தலைவலி வேண்டாம் என்று நினைக்கிற மனிதர்.

“பழைய சைக்கிளு. பிரேக்கு புடிக்கலையோ?”

வீரபாண்டி அண்ணன் மருந்தடிக்கிற ஆட்கள் வரிசையிலிருந்து ஓடிவந்தார். துண்டு கையில் இருந்தது. “ஆமாங்கய்யா! பிரேக்கு புடிக்கல. மீன் சைக்கிளுங்கய்யா, உப்புத் தண்ணி பட்டு எல்லாம் போச்சு. சின்னப் புள்ள, நிறுத்த முடியாமப் போயிருச்சு...”

“நீ சும்மா இரு,” என்றார் அக்கா.

“ஏய், அவருதான் வழி சொல்றாருல்ல—”

“நான் கோத்த பிரேக்கு. புடிக்காதுன்னு நானே சொல்லணுமா?” அக்கா கங்காணியின் பக்கம் திரும்பினார். “நல்லாப் புடிக்கும் கங்காணியய்யா. வேணும்னா நீங்க ஏறிப் பாருங்க. நிக்கச் சொன்ன எடத்துல நிக்கும். எறங்க வேண்டிய எடத்துல எறங்குவா. இவ எறங்க வேண்டிய எடம் ஸ்கூலு.”

“துரை கேட்டா?”

“கேட்டா என்னக் கூப்பிடச் சொல்லுங்க. அங்க எறங்குனா மேடு ஏறாது, மேடு ஏறலைன்னா பிரேயருக்குப் போக முடியாது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்கு வேற பேச்சு தெரியாது.”

யாரோ ஒரு பெண் பின்வரிசையில் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் கங்காணிக்கு ஆகவில்லை என்று நினைக்கிறேன். அன்றே அக்காவை மேல்முடிக் காட்டுக்கு மாற்றினார். எஸ்டேட்டிலேயே தூரமான, சறுக்கலான தேயிலைக் காடு. அட்டை அதிகம், கொழுந்து குறைவு. மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கிவர முடியாது. பிள்ளை புட்டிப்பாலுக்குப் பழகியது. முதல் சில நாள் என் தோளில் அழுது தீர்த்தது. வீரபாண்டி அண்ணன் பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் மகளிடம், “ஒங்கம்மாட்டச் சொல்லு” என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒதுங்கியே இருந்தார்கள். இதற்கெல்லாம் அக்கா அழுதோ, நியாயம் கேட்டோ நான் பார்க்கவில்லை. மாலையில் காலிலிருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார். “இன்னைக்கு?” என்பார். “எறங்கலம்மா,” என்பாள் வேலுத்தாய். தினமும் அந்த ஒரு கேள்வி, அந்த ஒரு பதில்.

துரைக்கு இதெல்லாம் எட்டியதா என்று தெரியாது. ஆபீசிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் ஒரு நாள் காலை அவரே நாயைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, ரோட்டின் நடுவில் நின்றிருந்தார். நான் அப்போது பிள்ளைப்புரைக்குப் பால்பொடி வாங்க அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். இறக்கத்தின் மேலே சைக்கிள் தெரிந்தது. மொக்கையன் ஸ்டூலிலிருந்து எழுந்து, விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் நின்றார்.

வேலுத்தாய் பெல் அடித்தாள்.

யாராவது வழியில் நின்றால் பெல் அடிக்கச் சொல்லியிருந்தார் அக்கா, அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பங்களாச் சமையல்காரர் பின்வாசல் வழியாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, “மீனு! மீனு! நில்லப்பா!” என்று ஓடிவந்தார். துரை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். சைக்கிள் வந்துவிட்டது. துரை நாயை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். வேலுத்தாய் முதுகை வளைத்து, எழுந்து நின்று மிதித்து, மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தாள். துரை சமையல்காரரிடம், “போய் வேலையப் பாரு,” என்று மட்டும் சொன்னார்.

லயத்தில் பல நாளைக்கு இதே பேச்சு. சொல்லச் சொல்லத் துரை இன்னும் தூரம் ஒதுங்கினார். கடைசியில் ஓடைக்குள் விழுந்தேவிட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு அடி ஒதுங்கினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எஸ்டேட் கண்டக்டர் அங்கே இறங்கினார், தபால்காரரும் இறங்கினார். அக்காவைக் கீழ்க் காட்டுக்கு மாற்றவில்லை, அடுத்த மழை முழுக்க அவர் மேல்முடியிலேயே பறித்தார். மாறியது சின்னதுதான். காலையில் இறக்கத்தில் பெல் சத்தம் கேட்டால் மொக்கையன் எழுந்துபோய் நாயைக் கட்டிவிடுவார். கேட்டால், “நாயக் கட்டுறது என் ஜோலி” என்பார். அந்த மழையில் நானும் அந்த வழியாகக் குடையை மடக்காமல் போய்வந்தேன். மொக்கையன் பார்த்தார், விசில் ஊதவில்லை. சுவக்கீன் அண்ணன் ஒரு நாள் வந்து, ஆட்டைத் திருப்பித் தருகிறேன், சைக்கிளைக் கொடு என்றார். “அது சைக்கிள்தான்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சா?” என்று அனுப்பிவிட்டார் அக்கா. வீரபாண்டி அண்ணன் எப்போது மறுபடி பேச ஆரம்பித்தார் என்று தெரியாது. சங்கிலிக்கு எண்ணெய் விடுவது மட்டும் அவர் வேலையாகிவிட்டிருந்தது.

இப்போது வேலுத்தாய் பத்தாம் வகுப்பு. மரக்கட்டைகளைப் பெடலிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வெள்ளத்துக்கு அடுத்த வருஷ மழை முடிந்த சமயத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலுத்தாய் அப்பாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். மூக்கம்மாள் அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். சீட்டை உயர்த்தி வைத்திருந்தார். சேலையைப் பறிப்புக்குப் போவது போலத் தூக்கிச் செருகி, இடுப்பில் படுதாவை இறுகக் கட்டியிருந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் வாரியா?”

“எங்கக்கா?”

“எங்க அப்பன் கடையில இருந்த அம்புட்டு சைக்கிளையும் நான் ஓட்ட வச்சேன். ஒண்ணுலயும் ஏறல. இதுல ஏறணும்.” சீட்டைக் கையால் தட்டினார். “பின்னாடி கேரியரப் புடிச்சுக்கிட்டு இறக்கத்துல எங்கூட ஓடி வா. கெட்டியாப் புடிச்சுக்க. பங்களா வாசல் வந்ததும் மட்டும் கைய விட்டுரு, அத நானாத்தான் தாண்டணும்.”

“விழுந்துட்டீங்கன்னா?”

“விழுந்தா எந்திரிச்சுக்கலாம். எறங்கிறக் கூடாது. அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிடுறேன். விடுவியா?”